மண்ணுக்கு அத்தனை சக்தி இல்லை

மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் போகிற நாற்கரச் சாலையில் எட்டயபுரம் தாண்டியதும் எப்போதும்வென்றான் வரும். சாலையின் இரு பக்கமும் கரிசல். இந்த மண்ணைப் பற்றிப் பேச வருகிறவர் எழுத்தாளராக இருந்தாலும், வேளாண்மை அதிகாரியாக இருந்தாலும், யூடியூபில் அறிவியல் சொல்கிற தம்பியாக இருந்தாலும் கடைசியில் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான்: எல்லாம் மண்ணும் வெயிலும் செய்த வேலை. கருவேலுக்கு முள் எதற்கு? வெயிலுக்கு. கள்ளிக்கு இலை ஏன் இல்லை? வெயிலால். மெக்சிகோவில் நிற்கிற கள்ளியும் நம்மூர் ஓடைக்கரைக் கள்ளியும் ஒன்றுபோல இருப்பது ஏன்? அங்கேயும் இதே வெயில், இதே வறட்சி. அப்புறம் வேறு எப்படி இருக்கும்?

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மண்வாசனை பேசுகிறவர்களுக்கும் பிடிக்கிறது, பாடப்புத்தகம் எழுதுகிறவர்களுக்கும் பிடிக்கிறது. இதையே உலகளவில் பெரிய வாதமாக எடுத்து வைத்தவர் கேம்பிரிட்ஜின் தொல்லுயிரியலாளர் சைமன் கான்வே மாரிஸ். பூமியில் உயிர் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாலும் ஏறக்குறைய இதே கண், இதே சிறகு, இதே அறிவு வந்து சேரும், ஏனென்றால் சூழல் போடுகிற கணக்குக்குச் சரியான விடைகள் சிலதான் உண்டு என்று 2003-இல் ஒரு தடித்த புத்தகமே எழுதினார். அதற்கு முன்பே, 1989-இல், இன்னொரு தொல்லுயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்ட் நேர் எதிராகச் சொல்லியிருந்தார்: நாடாவைத் திருப்பி ஓட்டினால் வேறு படம்தான் ஓடும். இன்று பொதுவெளியில் செல்வாக்கோடு இருப்பது கான்வே மாரிஸ் கட்சி. சுறாவையும் டால்பினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் போட்டு, இயற்கைக்கு வேறு வழியே இல்லை என்று முடித்தால் கைதட்டல் நிச்சயம்.

ஒத்த வடிவங்கள் தனித்தனியே தோன்றுவதை நான் மறுக்கவில்லை. தோன்றுகின்றன, நிறையவே தோன்றுகின்றன. அவற்றைச் சூழல்தான் செய்து கொடுத்தது என்கிற தீர்ப்பைத்தான் மறுக்கிறேன். அந்தத் தீர்ப்பை எழுதுகிறவர்கள் ஒத்துப்போனவற்றை மட்டும் எண்ணுகிறார்கள். அதே வெயிலில் அதே மண்ணில் நின்று ஒத்துப்போகாமல் போனவற்றை எண்ணுவதில்லை. எண்ணிப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வரும். அதற்கு அமேசான் காட்டுக்கோ காலபாகஸ் தீவுக்கோ போக வேண்டியதில்லை. கோவில்பட்டிக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் இருக்கிற புஞ்சைகளே போதும்.

முதலில் கள்ளி. வேலியோரத்திலும் ஓடைக்கரையிலும் இந்தப் பக்கம் சதுரக்கள்ளி, திருகுகள்ளி, சப்பாத்திக்கள்ளி மூன்றையும் பார்க்கலாம். மூன்றுக்கும் இலை பேருக்குத்தான். தண்டே பச்சையாகி இலையின் வேலையைப் பார்க்கிறது. மூன்றும் பகலில் தண்டின் துளைகளை மூடிக்கொண்டு, ராத்திரி திறந்து கரியமில வாயுவை வாங்கி அமிலமாகச் சேர்த்து வைத்து, விடிந்ததும் அதிலிருந்து சர்க்கரை செய்கின்றன. இத்தனை ஒற்றுமை. ஆனால் முதல் இரண்டும் ஆமணக்கின் குடும்பம்; மூன்றாவது முற்றிலும் வேறு குடும்பம். அந்தக் குடும்பத்தில், மரத்தில் தொங்கி வளரும் ஒரே ஒரு இனம் நீங்கலாக, எல்லாமே அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியவை. சப்பாத்தி நம்மூருக்கு வந்ததே ஐரோப்பியக் கப்பல்கள் வந்த பிறகு.

ஒடித்துப் பார்த்தால் விஷயம் தெரியும். சதுரக்கள்ளியை ஒடித்தால் பால் கொட்டும்; கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கிற பால். சப்பாத்தியை ஒடித்தால் பால் கிடையாது, வழவழவென்று கொழகொழப்புதான். சதுரக்கள்ளியின் முள் தண்டின் விளிம்பில் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருக்கும். சப்பாத்தியில் ஒரே புள்ளியிலிருந்து முள் கொத்தாகக் கிளம்பும், அடியில் கண்ணுக்குத் தெரியாத பொடிமுள் வேறு. அதன் சிவப்புப் பழத்தை அவசரப்பட்டுக் கடித்த கரிசல் பிள்ளைகளின் நாக்கைக் கேட்டால் சொல்லும்.

நம் கண் ஏமாறுகிற இடத்தில் ஒரு பூச்சி ஏமாறவில்லை. 1795-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் சிவப்புச் சாயத்துக்காக ஒரு கள்ளிப் பூச்சி வங்கத்துக்கு வந்து சேர்ந்தது. சாயத்துக்கு நல்ல ரகப் பூச்சி என்று நம்பிக் கொண்டுவந்தார்கள். வந்தது மட்ட ரகம். அந்தப் பூச்சி ஒரு வகைச் சப்பாத்தியை மட்டும் தின்று தீர்த்தது. தென்னாட்டில் புதர் புதராகப் பரவியிருந்த இன்னொரு வகைச் சப்பாத்தியைச் சீண்டவே இல்லை. ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, 1926-இல், வேறொரு கள்ளிப் பூச்சியை இலங்கையிலிருந்து தருவித்தார்கள். அது சில ஆண்டுகளிலேயே தென்னாட்டுச் சப்பாத்திப் புதர்களை ஆயிரக்கணக்கான ஏக்கரில் அழித்தது. வெள்ளைப் பஞ்சு அப்பினாற்போலப் பூச்சி மூடி, தட்டு தட்டாகச் சரிந்து விழுந்தன. பக்கத்திலேயே அதே வேலியில், அதே வெயிலில், அதே சதைப்பற்றோடு நின்ற சதுரக்கள்ளிக்கு ஒரு கீறல் இல்லை. வடிவத்தை வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்று. அந்தப் பூச்சி பார்த்தது வம்சத்தை.

இந்த இடத்தில் எதிர்க்கட்சிக்காரர் குறுக்கிடுவார்: 'இதைத்தானே அண்ணாச்சி நாங்களும் சொல்கிறோம்? வம்சம் வேறு, வடிவம் ஒன்று. அப்படியானால் வடிவத்தைக் கொடுத்தது வெயில் என்றுதானே ஆகிறது?' ஆகவில்லை. அதே வேலியில் கருவேல் நிற்கிறது, இலந்தை நிற்கிறது, பனை நிற்கிறது. அவற்றுக்கும் அதே சித்திரை, அதே வெடித்த நிலம். ஒன்றும் சதைப்பற்றுத் தண்டாக மாறவில்லை. கள்ளியைக் கள்ளியாக்கியது வெயில் என்றால், கருவேலை அந்த வெயில் ஏன் விட்டு வைத்தது?

இன்னொன்று. ஒரே சூழல் என்று சொல்வதே அரைகுறைப் பேச்சு. கரிசலில் விதைப்பு புரட்டாசி ஐப்பசியில். கம்பும் உளுந்தும் நிற்கிற மாதங்களில் இந்த மண் சேறாக இருக்கும், கால் வைத்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். களிமண் நீரைக் குடித்து உப்பி, தை மாசியில் மெல்லச் சுருங்கி, சித்திரையில் கம்பை நுழைத்தால் உள்ளே போகிற அளவு வாய் பிளக்கிறது. அந்தச் சித்திரையை உளுந்து பார்ப்பதே இல்லை; அது விதையாகிக் குலுக்கைக்குப் போய்விட்டது. பருத்தி ஆணிவேரைக் கீழே இறக்கி, மேலே காய்ந்த பிறகும் அடி ஈரத்தை உறிஞ்சுகிறது. கள்ளிதான் நின்று அனுபவிக்கிறது. எந்தச் சூழலைச் சந்திப்பது, எதிலிருந்து நழுவுவது என்பதையே ஒவ்வொரு வம்சமும் தன்னிடம் ஏற்கெனவே இருந்ததை வைத்து முடிவு செய்திருக்கிறது.

அடுத்த சாட்சி கொஞ்சம் நுட்பமானது, ஆனால் இதுதான் கனமானது. கார்த்திகையில் கம்பங்கொல்லையில் களையெடுக்கிற பெண்களின் கையில் சிக்குகிறவற்றைப் பாருங்கள்: கோரை, சாரணை, மூக்கிரட்டை, குப்பைக்கீரை, பருப்புக்கீரை, நெருஞ்சி, அம்மான் பச்சரிசி. பார்வைக்கு ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. ஆனால் இத்தனைக்கும், நடுவில் நிற்கிற கம்புக்கும், பக்கத்துப் புஞ்சையின் சோளத்துக்கும் மக்காச்சோளத்துக்கும், இலைக்குள் நடக்கிற வேலை ஒன்று. சாதாரணப் பயிர்களில் கரியமில வாயுவைப் பிடிக்கிற ரூபிஸ்கோ என்ற நொதி, வெக்கை ஏற ஏறத் தடுமாறி ஆக்சிஜனைப் பிடித்துவிடும், உழைப்பு வீண். மேலே சொன்ன செடிகளில் வேறொரு நொதி முன்னால் நின்று கரியமில வாயுவைப் பிடித்து, நரம்பைச் சுற்றியுள்ள தடித்த செல்களுக்குள் அடர்த்தியாக ஏற்றிவிடுகிறது. ரூபிஸ்கோ அங்கே உட்கார்ந்து தடுமாறாமல் வேலை செய்கிறது. கரும்பை வைத்து இதை ஆஸ்திரேலியாவில் ஹாட்சும் ஸ்லாக்கும் 1966-இல் விளக்கினார்கள். சி4 ஒளிச்சேர்க்கை என்று பெயர். தாவர உலகில் இது 60 தடவைக்கு மேல் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது.

60 தடவை! கான்வே மாரிஸ் கட்சி துள்ளிக் குதிக்கிற எண் இது. வெக்கை கேட்டது, செடிகள் கொடுத்தன என்பார்கள். எங்கெங்கே தோன்றியது என்று பிரித்துப் பார்த்தால் துள்ளல் அடங்கிவிடும்.

புல் குடும்பத்தை எடுங்கள். அதில் மட்டும் சி4 இருபது தடவைக்கு மேல் தோன்றியிருக்கிறது. சோளமும் மக்காச்சோளமும் ஒரு கிளை, கம்பு வேறொரு கிளை, குதிரைவாலி இன்னொன்று, கேழ்வரகு இன்னொன்று. ஆனால் புல் குடும்பம் ஆதியிலேயே இரண்டு பெரும் பிரிவாகப் பிரிந்தது. இந்த இருபது சொச்சமும் ஒரே பிரிவுக்குள் நடந்தவை. நெல், கோதுமை, மூங்கில் இருக்கிற மற்றப் பிரிவில் ஒன்றுகூட இல்லை. அந்தப் பிரிவுக்கு வெயில் படவில்லையா? நெல்லுக்கு வெக்கை தெரியாதா? வேறுபாடு இலையின் உள்ளே இருக்கிறது. சி4 தோன்றிய பிரிவில், சி4 தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே, நரம்பைச் சுற்றியுள்ள செல்கள் பெரிதாக இருந்தன. வேறு ஏதோ காரணத்துக்காக வந்த அமைப்பு. பிற்பாடு இதற்குப் பயன்பட்டது. நெல்லின் பிரிவில் அந்த இடம் குறுகல். வீட்டில் என்ன சாமான் இருக்கிறதோ அதை வைத்துத்தான் சமையல்.

முன்னால் நின்று வாயுவைப் பிடிக்கிற அந்த நொதியும் புதிதாகச் செய்யப்பட்டதில்லை. எல்லாத் தாவரங்களிலும் அது வேறு சில்லறை வேலைகளுக்காக ஏற்கெனவே இருக்கிறது, நெல்லிலும் உளுந்திலும்கூட. சி4 ஆன வம்சங்கள் அந்தப் பழைய நொதியையே எடுத்துத் திருத்தின. திருத்திய விதத்திலும் ஒற்றுமை உண்டு: வெவ்வேறு வம்சங்களில் அந்தப் புரதத்தின் ஒரே இடத்தில் அலனின் போய் செரின் வந்திருக்கிறது. இது சூழலின் கைவண்ணமா? ஒரே மூதாதையிடமிருந்து வந்த ஒரே புரதம் என்பதால், அதைத் திருத்த முடிந்த இடங்களும் ஒரு சிலவே. ஒற்றுமையின் வேர் சொத்தில் இருக்கிறது.

களைகளின் பட்டியலுக்குத் திரும்புவோம். சாரணை, மூக்கிரட்டை, குப்பைக்கீரை, பருப்புக்கீரை நான்கும் தனித்தனிக் குடும்பம் என்று பள்ளிக்கூடத்தில் படிப்போம். ஆனால் நான்கும் தாவரவியலார் போடுகிற ஒரே பெருவரிசைக்குள் அடங்குபவை. இருவித்திலைத் தாவரங்களில் சி4 தோன்றிய தடவைகளில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரிசைக்குள்தான் நடந்திருக்கிறது. கூடுதலாக ஒரு செய்தி: சப்பாத்திக்கள்ளியும் அதே வரிசை, பருப்புக்கீரைக்கு நெருங்கிய சொந்தம். பருப்புக்கீரையோ சி4 வேலையையும் பார்க்கும், தண்ணீர் குறைந்தால் கள்ளி மாதிரி ராத்திரி வாயு வாங்கும் வேலையையும் பார்க்கும். வறட்சிக்கான வித்தைகள் உலகெங்கும் தூவிக் கிடக்கவில்லை. சில வீடுகளில் குவிந்து கிடக்கின்றன.

எதிர்ப்பக்கம் பாருங்கள். அவரை, உளுந்து, பாசிப்பயறு, துவரை, கருவேல், சீமைக்கருவேல் எல்லாம் சேர்ந்த பயறுக் குடும்பத்தில் ஏறக்குறைய 19,000 இனங்கள். உலகத்தின் காய்ந்த நிலங்கள் அத்தனையிலும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக நிற்கிற குடும்பம். சி4 ஆன இனம் ஒன்றுகூட அதில் இல்லை. வெயிலுக்கு விடை எழுதி வாங்குகிற சக்தி இருந்தால் இத்தனை பேரிடம், இத்தனை காலத்தில், ஒரு தடவைகூட ஏன் வாங்க முடியவில்லை? இதற்கு மறுபக்கத்தில் ஆமணக்குக் குடும்பத்தின் ஒரே பேரினம்: அதில் ராத்திரி வாயு வாங்குகிற சதுரக்கள்ளியும் இருக்கிறது, சி4 வேலை செய்கிற அம்மான் பச்சரிசியும் இருக்கிறது, இரண்டும் இல்லாத சாதாரணச் செடிகளும் இருக்கின்றன. ஒரே வரப்பில் சதுரக்கள்ளி நிழலில் அம்மான் பச்சரிசி படர்ந்திருப்பதைப் பார்க்கலாம். கேள்வி ஒன்று, விடைத்தாள் வேறு வேறு.

நெல்லைச் சி4 ஆக்குவோம் என்று 2000-களின் பிற்பகுதியில் பன்னாட்டுத் திட்டம் ஒன்று தொடங்கினார்கள். பணமும் அறிவும் கொட்டப்பட்டன. சி4 நெல் இன்னும் வயலுக்கு வரவில்லை. இயற்கைக்கு இது 'தவிர்க்க முடியாத' விடை என்றால், விடையைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுகிறவர்களுக்கே இத்தனை பாடு ஏன்?

இனி பருத்தி. கோவில்பட்டியைப் பற்றிப் பேசிவிட்டுப் பருத்தியை விட முடியாது. 1901-இல் இங்கே வேளாண் ஆராய்ச்சி நிலையம் வந்தது. கருங்கண்ணிப் பருத்தியில் 'கே' வரிசை ரகங்கள் அங்கிருந்துதான் வெளியாயின. அதற்கும் முன்பு, வெளிநாட்டுச் சந்தையில் 'டின்னிவெல்லி' என்று விலைபோன பஞ்சு உண்மையில் கலப்பு: கருங்கண்ணியும் உப்பமும் ஒரே புஞ்சையில் சேர்ந்து விளைந்தவை. இரண்டும் வேறு வேறு இனம். கருங்கண்ணியின் இனம் இந்தியத் துணைக்கண்டத்துப் பக்கம் பயிரானது; உப்பத்தின் இனம் ஆப்பிரிக்க, அரேபியப் பக்கம். இன்னும் இரண்டு இனங்கள் அமெரிக்காவில் பயிராயின: ஒன்று மெக்சிகோவில், மற்றது பெரு, எக்குவடோர் பக்கம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுக்கு வந்த கம்போடியாப் பருத்தி அந்த மெக்சிகோ இனம், சுற்றி வந்தது. ஆக நான்கு இடங்களில், ஒருவரை ஒருவர் அறியாத சனங்கள், நான்கு செடிகளை எடுத்து நூல் நூற்றிருக்கிறார்கள். பலூசிஸ்தானத்தின் மெஹர்கரில் செப்பு மணிக்குள் ஒட்டியிருந்த பருத்தி இழை ஏழாயிரம் ஆண்டுக்கும் மேற்பட்டது. பெருவின் கடற்கரையில் நீலச் சாயம் ஏற்றிய பருத்தித் துணி ஆறாயிரம் ஆண்டுப் பழசு.

ஒத்தவை தனித்தனியே தோன்றுவதற்கு இதைவிட அழகான எடுத்துக்காட்டு உண்டா என்பார்கள். தேவை ஒன்று, கருவி ஒன்று. இதை விழுங்க முடியாத ஒரு கட்சியும் உண்டு. அவர்களுக்கு ஒற்றுமை என்றாலே யாரோ எடுத்துப் போனதாகத்தான் இருக்க வேண்டும். இந்தூரில் பருத்தி ஆராய்ந்த ஜோசப் ஹட்சின்சனும் அவருடைய கூட்டாளிகளும் 1947-இல் எழுதிய நூலில், ஆசியப் பருத்தியை மனிதர்கள் பசிபிக் கடல் தாண்டி அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள், அங்கே உள்ளூர்ப் பருத்தியோடு கலந்து புது இனம் பிறந்தது என்றார்கள். (நம் மேடைகளில் இதற்குத் தமிழ் மாலுமிகளைப் போட்டுப் பேசுகிறவர்களும் உண்டு; கைதட்டலுக்குக் குறைவிராது.) கலப்பு நடந்தது உண்மை. கருங்கண்ணிக்கு 26 குரோமோசோம், அமெரிக்கப் பருத்திக்கு 52. அதில் பாதி கருங்கண்ணியின் உறவுக்காரச் செடியிடமிருந்து வந்தது, மறுபாதி அமெரிக்கக் காட்டுப் பருத்தியிடமிருந்து. ஆனால் கலந்த காலம் பத்து முதல் இருபது லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு என்று மரபணுக் கணக்கு சொல்கிறது. அப்போது கப்பலும் இல்லை, மாலுமியும் இல்லை.

சூழல் கட்சிக்கும் இதில் ஆறுதல் கிடையாது. பருத்திப் பேரினத்தில் சுமார் 50 இனங்கள். ஆஸ்திரேலியாவின் காய்ந்த நிலங்களில் மட்டும் பத்துக்கும் மேற்பட்ட காட்டுப் பருத்திகள் நிற்கின்றன. ஒன்றிலும் நூற்கத் தகுந்த பஞ்சு இல்லை. அமெரிக்கக் காட்டுப் பருத்தியின் அந்தப் பாதியிலும் இல்லை. நூற்கத் தகுந்த நீளப் பஞ்சு ஒரே ஒரு வம்சத்தில் தோன்றியது; கருங்கண்ணியும் உப்பமும் அந்த வம்சம். அமெரிக்க இனங்கள் இரண்டும் அந்தக் கலப்பின் வழியாகவே பஞ்சைப் பெற்றன. மனிதர்கள் நான்கு தடவை பருத்தியைப் பயிராக்கினார்கள், சரி. ஆனால் அந்த நான்கு பேரின் கையிலும் இருந்தது ஒரே பாட்டியின் சொத்து. 1998-இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் வேடிக்கை காட்டியது: அமெரிக்கப் பருத்தியின் பஞ்சுத் தரத்தைக் கூட்டுகிற மரபணு இடங்களில் பெரும்பாலானவை, பஞ்சே இல்லாத அந்தக் காட்டுப் பாதியில் இருக்கின்றன. கலப்பு நடக்காமல் இருந்திருந்தால் இன்று உலகச் சந்தையை ஆள்கிற அந்தப் பருத்தி பிறந்திருக்காது. எந்தச் சூழலும் அந்தக் கலப்பை வா என்று கூப்பிடவில்லை.

ஒரு கருங்கண்ணிச் சுளையைப் பிய்த்து ஒரு விதையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் தோலிலிருந்து கிளம்புகிற ஒவ்வொரு இழையும் ஒரே ஒரு செல். இரண்டு செ.மீ.க்கும் மேல் நீண்ட ஒற்றைச் செல். காய் வெடித்ததும் செல் காய்ந்து, குழாய் தட்டையாகி, நாடாபோலத் தனக்குத்தானே முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கால்தான் இழையோடு இழை கோத்து நூலாகிறது. இப்போது வேலியோரத்து எருக்கங்காயைப் பிளங்கள். வெள்ளிபோல மின்னுகிற பஞ்சு, விதையின் ஒரு முனையில் குடுமியாக. ஊதினால் பறக்கும்; திரித்தால் நழுவும், ஏனென்றால் அந்த இழை உருண்டையாகவே நிற்கிறது, முறுக்கு விழுவதில்லை. இலவம் காயின் பஞ்சு விதையிலிருந்துகூட வருவதில்லை, காயின் உள்சுவரிலிருந்து வருகிறது. விதைகள் அதற்குள் உதிரியாகக் கிடக்கும். தலையணைக்கு ஆகும், தறிக்கு ஆகாது. காற்று ஒன்று, வெள்ளைப் பஞ்சும் ஒன்று என்று படம் போட்டு ஒப்பிடுகிறவர் இந்த மூன்றையும் ஒரே வரிசையில் வைப்பார். நெசவாளியிடம் கேளுங்கள், ஒரு கணத்தில் பிரித்துவிடுவார்.

நம் பத்தாம் வகுப்புப் புத்தகம் இந்தச் சிக்கலை இரண்டு பெட்டியில் அடைக்கிறது: அமைப்பு ஒத்த உறுப்புகள், செயல் ஒத்த உறுப்புகள். வௌவால் சிறகும் பறவைச் சிறகும் எந்தப் பெட்டி? சிறகு என்று பார்த்தால் இரண்டாவது, கை என்று பார்த்தால் முதலாவது. அமெரிக்கப் பருத்தியும் கருங்கண்ணியும்? பயிரானது தனித்தனி, பஞ்சு பொதுச் சொத்து. உயிரியலில் ஒத்துப்போகிற பெரும்பாலான விஷயங்கள் இப்படி இரண்டு பெட்டிக்கும் நடுவில்தான் கிடக்கின்றன. மதிப்பெண்ணுக்காகப் பிள்ளைகளுக்கு அதை மறைத்து வைத்திருக்கிறோம்.

கடைசியாக, கண்ணெதிரே நடந்த ஒரு சோதனை. இந்தியாவில் பிடி பருத்திக்கு 2002-இல் அனுமதி கிடைத்தது. பாக்டீரியாவின் நச்சை வைத்த செடி. காய்ப்புழு தின்றால் சாகும். அமெரிக்காவிலும் அதே நச்சு, அதே இளஞ்சிவப்புக் காய்ப்புழு. சூழல் கட்சியின் வாதப்படி இரு நாட்டுப் புழுவும் ஒரே விடையைச் சொல்லியிருக்க வேண்டும். இந்தியாவில் சில ஆண்டுகளிலேயே குஜராத்தில் புழு நச்சை வென்றது. 2010-இல் விதைக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. அமெரிக்க வயல்களில் அந்தப் புழு ஒழிந்தே போனது. 2018-இல் அரசு அதை அறிவித்தது. அங்கே நச்சில்லாத பருத்தியை ஓரமாக விதைக்கும் விதியைக் கடைப்பிடித்தார்கள், பிறகு மலட்டு அந்துப்பூச்சிகளைக் கோடிக்கணக்கில் வானிலிருந்து விட்டார்கள். இங்கே அந்த ஓர விதைப் பொட்டலம் பெரும்பாலும் பிரிக்கப்படவே இல்லை. சம்சாரியை இதற்குக் குறை சொல்ல மாட்டேன். அரை ஏக்கர் ஒரு ஏக்கர்காரரிடம் புழுவுக்கென்று ஒரு பங்கு நிலத்தை ஒதுக்கு என்றால் யார் ஒதுக்குவார்? நச்சு ஒன்று, புழு ஒன்று, செடி ஒன்று. முடிவு வேறு வேறு.

இதே கதையில் மறுபக்கமும் உண்டு, அதை மறைத்தால் வாதம் நேர்மையாகாது. அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் வேண்டுமென்றே வளர்த்த எதிர்ப்புப் புழுவிலும், இந்திய வயலில் தானாக வந்த எதிர்ப்புப் புழுவிலும் கெட்டுப்போயிருந்தது ஒரே மரபணு: குடல் சுவரில் இருக்கிற கேட்ஹெரின் என்ற புரதத்துக்கானது. நச்சு வந்து ஒட்டிக்கொள்கிற கொக்கி அது. கெட்ட விதம் வேறு. இந்தியப் புழுக்களில் கண்ட உடைசல்கள் அமெரிக்கப் புழுவின் உடைசல்கள் அல்ல. ஆனால் உடைந்த இடம் ஒன்று. இந்தியாவில் 2006-இல் இரண்டாவது நச்சும் சேர்த்த பருத்தி வந்தது. அதையும் புழு வென்றபோது, அரிசோனா ஆய்வுக்கூடத்துப் புழுவிலும் இந்திய வயல் புழுவிலும் மாறியிருந்தது மறுபடி ஒரே மரபணு, ஏபிசிஏ2. ஆஸ்திரேலியாவின் பச்சைக் காய்ப்புழுவிலும் அதே மரபணுதான். அந்தக் கொக்கிகள் எல்லாப் புழுக்களும் ஒரே மூதாதையிடம் வாங்கியவை. பூட்டு பொது என்பதால் உடைகிற இடமும் பொது.

பாக்டீரியாவில் இதை இன்னும் சுத்தமாகப் பார்த்தார் ரிச்சர்ட் லென்ஸ்கி. 1988-இல் ஒரே பாக்டீரியாவை 12 குடுவையில் தனித்தனியாக வளர்க்கத் தொடங்கினார். பன்னிரண்டும் வேகமாக வளரக் கற்றுக்கொண்டன, பன்னிரண்டின் செல்லும் பெருத்தது. ஆனால் 31,000 தலைமுறை தாண்டி ஒரே ஒரு குடுவை மட்டும், ஆக்சிஜன் இருக்கையிலேயே சிட்ரேட்டைத் தின்னக் கற்றது. மற்ற பதினொன்றின் எதிரிலும் அதே சிட்ரேட்தான் கிடந்தது.

இதெல்லாம் பட்டிமன்றத்துக்கான சமாச்சாரம் என்று சம்சாரி ஒதுக்கிவிட முடியாது. காய்ந்த நிலம் என்றால் எல்லாம் ஒரே காய்ந்த நிலம், அங்கே விளைந்தது இங்கேயும் விளையும் என்கிற நம்பிக்கையில்தான் சீமைக்கருவேல் வந்தது. இன்று விளாத்திகுளம் பக்கத்துக் கண்மாய்களை அது என்ன செய்திருக்கிறது என்பதை விளக்க வேண்டியதில்லை. 2022-இல் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகம் தரிசு நிலங்களில் கள்ளி வளர்க்கும் யோசனையை முன்வைத்தது. மாட்டுக்குத் தீவனம், எரிபொருள், எல்லாம் கிடைக்கும் என்றார்கள். அவர்கள் சொல்வது முள்ளில்லாத சப்பாத்தி. கள்ளி விளைகிற பூமியில் கள்ளி விளையாதா என்று கேட்கத் தோன்றும். ஆனால் இங்கே காலகாலமாக நின்றது சதுரக்கள்ளியின் வம்சம். சப்பாத்தியின் வேருக்குத் தேங்கிய நீர் ஆகாது. கரிசலோ ஐப்பசி மழையில் நாள்கணக்கில் நீரைத் தேக்குகிற மண். 1926-இல் இலங்கையிலிருந்து வந்த அந்தப் பூச்சியும் எங்கேயும் போய்விடவில்லை. திட்ட அறிக்கை எழுதுகிறவர் மழையளவையும் வெப்பத்தையும் போட்டு நிறுத்திக்கொண்டால் போதாது. நடப்போகிற செடி எந்த வம்சம், அதைத் தின்கிறது எது, அதன் வேர் எதைத் தாங்கும் என்பதற்கும் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும்.

கருங்கண்ணிக்கும் இதே கணக்கு. அது இலைச்சுருட்டு நச்சுயிரிக்கு மசியாது, தத்துப்பூச்சிக்கும் எளிதில் மசியாது. அந்தக் குணத்தை அமெரிக்கப் பருத்திக்கு ஏற்ற ஆராய்ச்சியாளர்கள் பல காலமாகப் பாடுபடுகிறார்கள். 26-ஐயும் 52-ஐயும் சேர்த்தால் பிறக்கிற செடிக்கு 39 குரோமோசோம்; அது மலடு. குரோமோசோம்களை இரட்டிப்பாக்கி, திரும்பத் திரும்பத் தாய்ச் செடியோடு சேர்த்து, ஓட்டையை அடைத்து அடைத்துத்தான் முன்னேற வேண்டும். பார்வைக்கு இரண்டும் பருத்திதானே, சேர்த்தால் சேராதா என்று கேட்பவருக்கு அந்த 39-ஐத்தான் காட்ட முடியும்.

'அப்படியானால் எதையும் முன்கூட்டிச் சொல்லவே முடியாதா?' என்று கான்வே மாரிஸ் கட்சிக்காரர் கடைசியாகக் கேட்கக்கூடும். சொல்லலாம், பந்தயமும் கட்டலாம். புதிதாக எந்தக் குடும்பத்திலாவது சி4 செடி ஒன்றைக் கண்டுபிடித்தோம் என்று நாளை செய்தி வந்தால், அது சாரணையும் சப்பாத்தியும் இருக்கிற அந்த வரிசையாக இருக்கும் என்று நான் பணம் வைப்பேன். பயறுக் குடும்பத்தின் மேல், கரிசலின் வெயில் எத்தனை டிகிரி ஏறினாலும், சல்லிக்காசு வைக்க மாட்டேன்.